அது கட்டியும் இல்லை, இது தொப்பையும் இல்லை

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஊரோடு நிறுத்திக்கொள்கிறேன். நாலு பக்கக் கடிதத்தின் சுருக்கம் இது:

“என் மகனுக்குப் பதினொரு வயது. பரீட்சை லீவுக்குச் சென்னையில் என் அண்ணன் வீட்டுக்குப் போனவன், இரண்டு வெள்ளை எலிகளோடு திரும்பி வந்தான். ‘ரெண்டும் பொட்டை, சண்டை போடாது’ என்று கடைக்காரர் சொன்னாராம். வந்து ஐந்து வாரம் ஆகிறது. பழைய மீன் தொட்டியில், மர மில்லில் வாங்கிய தூளைப் போட்டு வைத்திருக்கிறோம். பொரி, பிரட், பால் கொடுக்கிறோம். இப்போது ஒன்றுக்கு வாலுக்கு அடியில் இரண்டு பெரிய கட்டிகள் தொங்குகின்றன. அதற்கே ஓயாத தும்மல். மூக்கிலும் கண்ணோரத்திலும் ரத்தம் கசிகிறது. மற்றது நன்றாகத் தின்று தொப்பை போட்டுவிட்டது. போன வாரம் வாலைப் பிடித்துத் தூக்கிய என் கணவரின் விரலைக் கடித்துவிட்டது. நாய்க்கடி ஊசி போட வேண்டுமா? நாலு வயதில் எங்களுக்கு ஒரு பெண் குழந்தையும் இருக்கிறாள். மாமியாருக்கு வீசிங் உண்டு. ‘பிள்ளையார் வாகனம், கொல்லக் கூடாது, கொள்ளிடம் பக்கம் வயலில் விட்டுவிட்டு வாங்க’ என்கிறார். வாடகை வீடு வேறு. மகன் அழுகிறான். என்ன செய்வது?”

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னித்துவிடுங்கள். வாலுக்கு அடியில் தொங்குபவை கட்டிகள் அல்ல. அவை விதைகள். ஆண் எலிக்கு உடம்பின் அளவோடு ஒப்பிட்டால் விதைகள் மிகப் பெரியவை. வெயில் காலத்தில் இன்னும் இறங்கித் தொங்கும். முதன்முதலில் எலி வளர்ப்பவர்கள் பலர் இதைக் கட்டி என்று பயந்துதான் மருத்துவமனைக்கு ஓடி வருகிறார்கள்.

சரி, அது ஆண். அப்படியானால் அதே தொட்டியில் ஐந்து வாரமாகக் கூடவே இருக்கும் மற்ற எலி ‘தின்று தொப்பை போட்டுவிட்டது’ என்ற உங்கள் அடுத்த வரியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பக்கவாட்டுப் படத்தில் வயிறு இரண்டு பக்கமும் உருண்டு, பேரிக்காய் போலத் தெரிகிறது. சினையாகத்தான் இருக்க வேண்டும். எலியின் சினைக்காலம் 21 முதல் 23 நாள். வயிறு வெளியே தெரிய ஆரம்பிப்பதே இரண்டாவது வாரம் முடிந்த பிறகுதான். அதனால் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது குட்டிகள் பிறந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. ஒரு ஈற்றில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை சாதாரணம், அதற்கு மேலும் போகும்.

கடைக்காரர் பொய் சொன்னார் என்று நினைக்க வேண்டாம். குட்டிப் பருவத்தில் ஆண், பெண் பார்க்கத் தெரியாமல் விற்பவர்கள்தான் அதிகம்.

இன்று இரவே செய்ய வேண்டியது

ஆணைத் தனிக் கூண்டில் வையுங்கள். குட்டி பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பெண் எலி குட்டி போட்ட 24 மணி நேரத்துக்குள் மறுபடி சினையாகிவிடும். பால் கொடுத்துக்கொண்டே அடுத்த ஈற்றைச் சுமக்கும். இரண்டு எலி இருபதாவது அப்படித்தான்.

பெண்ணுக்குக் கூடு கட்டக் கிழித்த காகிதமும், ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டியும் போதும். தினமும் கொஞ்சம் வெந்த முட்டை கொடுங்கள். குட்டிகள் பிறந்ததும் எண்ணிப் பார்க்கும் ஆசையில் உங்கள் மகன் கூட்டைக் கலைக்கக் கூடாது. முதல் சில நாட்கள் தீனியும் தண்ணீரும் மாற்றுவதோடு கையை எடுத்துவிடுங்கள். ஒன்பது, பத்து நாளில் ரோமம் அடர்வதற்கு முன்பு வயிற்றைப் பார்த்தால் பெண் குட்டிகளுக்குக் காம்புகள் புள்ளி புள்ளியாக இரண்டு வரிசையில் தெரியும். ஆண் குட்டிக்குக் காம்பே கிடையாது. அந்த நாட்களில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு குழப்பம் வராது. இரண்டு வாரத்தில் கண் திறக்கும். ஐந்து வாரம் முடிவதற்குள் ஆண் குட்டிகளைத் தாயிடமிருந்தும் சகோதரிகளிடமிருந்தும் பிரித்து அப்பாவோடு சேர்த்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு வாரம் அசந்தாலும் பேரன் பேத்தி வந்துவிடும். ஆண்கள் ஒரு கூண்டு, பெண்கள் ஒரு கூண்டு, அவ்வளவுதான் கணக்கு. எலி கூட்டமாக வாழும் பிராணி. ஒற்றையாக வைத்தால் சோர்ந்துவிடும். அதனால் ஆணுக்கு இந்த ஐந்து வாரத் தனிமை தவிர்க்க முடியாதது என்றாலும் நீளக் கூடாது.

ஆணுக்குக் கருத்தடை அறுவை செய்யலாம். எலிக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவர் கிடைத்தால் மட்டும் செய்யுங்கள். செய்த பிறகும் சில வாரங்கள் பெண்ணோடு சேர்க்கக் கூடாது.

ரத்தம் என்று நீங்கள் நினைப்பது

இதில் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னால், மாடும் நாயும் மட்டுமே பார்த்துப் பழகியிருந்த என்னிடம் ஒரு கல்லூரி மாணவர் வெள்ளை எலி ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். மூக்கைச் சுற்றிச் சிவப்பு. எலி மருந்து தின்று உள்ளே ரத்தம் கசிகிறது என்று முடிவு கட்டி, வைட்டமின் கே ஊசி போட்டு அனுப்பினேன். எலி பிழைத்தது, என் வைத்தியத்தால் அல்ல. படர்தாமரை பார்க்க நாங்கள் வைத்திருக்கும் புற ஊதா விளக்கை அன்றே அதன் முகத்தில் காட்டியிருந்தால் விஷயம் புரிந்திருக்கும். ரத்தம் அந்த ஒளியில் கறுத்துத் தெரியும். இது இளஞ்சிவப்பாக மின்னும்.

எலியின் கண்ணுக்குப் பின்னால் ஒரு சுரப்பி இருக்கிறது. அது சுரக்கும் நீரில் பார்ஃபிரின் என்ற சிவப்பு நிறமி கலந்திருக்கும். நலமாக இருக்கும் எலி முகத்தைத் துடைத்துத் துடைத்து அதை நீக்கிவிடும். உடம்பு சரியில்லாமலோ பயந்தோ இருக்கும்போது சுரப்பு கூடும், துடைப்பதும் குறையும், நம் கண்ணுக்குத் தெரியும். ஆகவே அந்தச் சிவப்பு தனி நோய் அல்ல. வேறெதோ சரியில்லை என்பதற்கு அடையாளம்.

உங்கள் எலிக்கு அந்த வேறெதோ மூச்சுக்குழலில் இருக்கிறது. வளர்ப்பு எலிகளில் பெரும்பாலானவற்றின் உடம்பில் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி பிறவியிலேயே தாயிடமிருந்து வந்து தங்கியிருக்கும். மனிதருக்கு அது நோய் தருவதில்லை. காற்று நன்றாக இருக்கும்வரை பேசாமல் இருக்கும். மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா மூச்சுக்குழலை அரிக்க ஆரம்பித்தால் தலைதூக்கும். கண்ணாடித் தொட்டியில் காற்று மேலே மட்டும்தான் போய்வரும். அடியில், எலியின் மூக்கு இருக்கும் உயரத்தில், நெடி தேங்கி நிற்கும். அதோடு மில் தூள் வேறு. எந்த மரத்தின் தூள் என்று நமக்கும் தெரியாது, மில்காரருக்கும் தெரியாது. தேவதாரு, பைன் போன்ற வாசனை மரங்களின் எண்ணெய் எலியின் நுரையீரலுக்கும் ஈரலுக்கும் கெடுதல்.

தொட்டியைத் திருப்பி மீனுக்கே கொடுத்துவிட்டு, கம்பிக் கூண்டுக்கு மாற்றுங்கள். இரண்டு எலிக்கு இரண்டடி நீளம், ஒன்றரையடி அகலம், இரண்டடி உயரத்துக்குக் குறைய வேண்டாம். கம்பி இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டினால் குட்டிகள் வெளியே வந்துவிடும். தரையும் கம்பியாக இருந்தால் பாதம் புண்ணாகும், மேலே ஒரு பலகையோ அட்டையோ போடுங்கள். தூளுக்குப் பதில் கிழித்த செய்தித்தாள் போதும். மை ஒட்டி வெள்ளை எலி கொஞ்சம் சாம்பல் எலியாகும், மற்றபடி ஒன்றுமில்லை. நனைந்த இடத்தைத் தினமும் மாற்றுங்கள்.

தும்மல் ஒரு பக்கம் இருக்கட்டும். எலியைக் காதோரம் வைத்துக் கேளுங்கள். உள்ளே ‘கிர் கிர்’ என்று சத்தம் வந்தாலோ, மூச்சு விடும்போது விலா ஏறி இறங்கினாலோ, முதுகைக் கூனி ரோமத்தைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அவசரம். மெடிக்கல் ஷாப்பில் மனிதருக்கான ஆன்டிபயாடிக் வாங்கி நீங்களே உடைத்துக் கொடுக்காதீர்கள். 300 கிராம் உடம்புக்கு அளவு கணக்கிடுவது எங்களுக்கே நிதானமாகச் செய்யும் வேலை. நல்லவேளையாகத் தும்முவது ஆண். சினை எலி தும்மியிருந்தால், வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளில் சிலவற்றைக் குட்டிகளுக்காகத் தவிர்க்க வேண்டியிருந்திருக்கும். அதையும் தும்மல் தொற்றினால், சினை என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். திருச்சியில் எலி பார்க்கும் மருத்துவர் கிடைக்காவிட்டால் நாமக்கல், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் போன் செய்து விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

திருச்சி வெயில்

நீங்கள் கேட்காத கேள்வி இது. ஆனால் உங்கள் எலிகளுக்கு நோயைவிட எனக்கு இதில்தான் பயம் அதிகம். எலிக்கு நம்மைப் போல உடம்பு வியர்க்காது, நாயைப் போல நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்கவும் வராது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் ரோமமில்லாத வாலின் வழியாகத்தான் வெளியே விடுகிறது. அறை 30 டிகிரியைத் தாண்டினாலே திணற ஆரம்பிக்கும். உங்கள் ஊரில் மே மாதம் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டிலேயே குளிர்ச்சியான தரை எங்கே என்று பாருங்கள், பெரும்பாலும் நடு அறையின் சுவரோரம். கூண்டு அங்கே போகட்டும். புது மண்சட்டி ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்து, விளிம்பில் வாசல் போல உடைத்து, முனையைத் தேய்த்துவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். விற்கிற எந்தக் குளிர்ப் பலகையையும்விட இது மேல். தண்ணீர் பாட்டிலை உறையவைத்துத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் போடலாம். மின்வெட்டு வரும் மத்தியானங்களுக்கு அது கட்டாயம். எலி தரையோடு தட்டையாக விழுந்து, எச்சில் வடிய மூச்சு வாங்கினால், பாதத்தையும் வாலையும் சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள், அதிர்ச்சியிலேயே போய்விடும்.

தீனி பற்றிச் சுருக்கமாக. பொரியும் பிரட்டும் வயிற்றை நிரப்புமே தவிர உடம்புக்கு ஒன்றும் சேராது. பால் தேவையில்லை. கிடைத்தால் எலிக்கான பெல்லட்தான் சிறந்தது. கிடைக்காத நாட்களில் கம்பு, கோதுமை, வெந்த பருப்பு, வெந்த முட்டை, கீரை, கேரட். ஒரு வளர்ந்த எலிக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிராம். வேகாத மொச்சை, ராஜ்மா கூடாது. ஆண் எலிக்கு ஆரஞ்சுத் தோல் வேண்டாம். தப்பாக எதையாவது விழுங்கினால் எலியால் வாந்தி எடுக்க முடியாது. எலி விஷம் இவ்வளவு நன்றாக வேலை செய்வதற்கு அதுவும் ஒரு காரணம். சமையலறையில் எலிப் பசையோ எலி மருந்தோ வைக்கும் பழக்கம் வீட்டில் இருந்தால் இன்றோடு எடுத்துவிடுங்கள். எலிக்காக மட்டும் சொல்லவில்லை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த மருந்து நாலு வயதுக் குழந்தையின் ஈரலையும் அதே வேகத்தில் கெடுக்கும்.

கடியும் காய்ச்சலும்

வாலைப் பிடித்துத் தூக்கினால் எந்த எலியும் கடிக்கும். வாலின் தோல் உறை கழல்வது போல உரிந்து வந்துவிடவும் கூடும். இரண்டு கைகளையும் மார்புக்கு அடியில் கொடுத்து ஏந்திக்கொள்ள வேண்டும். உங்கள் கணவர் மேல் தப்பில்லை, நம் ஊரில் எலியை வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துத்தான் எல்லோருக்கும் பழக்கம்.

எலியிடமிருந்து ரேபிஸ் வருவது மிக மிக அரிது. வாங்கியதிலிருந்து வீட்டுக்குள்ளேயே இருக்கும் எலி என்றால், சாதாரணமாக மருத்துவர்கள் நாய்க்கடி ஊசி போடுவதில்லை. ஆனாலும் அந்த முடிவை நான் எழுத்தில் சொல்லக் கூடாது. உங்கள் கணவர் ஒரு மருத்துவரிடம் விரலைக் காட்டி, முழு விவரமும் சொல்லி, அவர் சொல்வதைக் கேட்கட்டும். டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் அதையும் சொல்லட்டும். இனிமேல் கடிபட்டால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும்.

நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. எலியின் வாயில் இயல்பாகவே இருக்கும் ஒரு பாக்டீரியா, கடி வழியாகக் காய்ச்சல் தரும். பெரும்பாலும் 3 முதல் 10 நாளுக்குள், சில சமயம் மூன்று வாரம் கழித்தும் வரும். காய்ச்சல், மூட்டு வலி, கை கால்களில் தடிப்பு. பென்சிலினில் குணமாகிவிடும், ஆனால் கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. அதற்குள் கடிக்காயம் ஆறியிருக்கும் என்பதால் நோயாளி அதைச் சொல்ல மறந்துவிடுகிறார், டெங்கு டெஸ்ட் எடுக்க அனுப்பிவிடுகிறார்கள். காய்ச்சல் வந்தால் ‘எலி கடித்தது’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். நாம் எலிக்காய்ச்சல் என்று பெயர் வைத்திருக்கும் லெப்டோஸ்பைரோசிஸ் இதிலிருந்து வேறு. அது எலியின் மூத்திரத்தால் வருவது. வீட்டு எலி வந்து கூண்டருகே மூத்திரம் பெய்தால் உங்கள் எலிக்கும் தொற்றலாம். ராத்திரி சிந்திய தீனியைக் கூட்டி எடுத்துவிட்டுப் படுங்கள்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எலியைத் தொடக் கூடாது என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. உங்கள் மகள் கூண்டுக்கு வெளியே நின்று பார்க்கலாம், தூக்கக் கூடாது. மகன் தொட்ட பிறகு சோப்பால் கை கழுவ வேண்டும். கூண்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.

மாமியார் சொல்வது

அவர் சொல்வதில் பாதி சரி. எலியின் மூத்திரத்தில் உள்ள புரதம் ஆஸ்துமாவைத் தூண்டும். ஆய்வுக்கூடங்களில் எலிகளோடு வேலை செய்பவர்களுக்கு இது தெரிந்த தொல்லை. எலி வந்த பிறகு அவருக்கு இன்ஹேலர் அதிகம் தேவைப்படுகிறதா? ஆம் என்றால், அதை அருவருப்பு என்று ஒதுக்காமல், எலிகளுக்கு வேறு வீடு தேடுவதுதான் நியாயம். இல்லையென்றால், அவர் படுக்கும் அறையிலிருந்து தள்ளி வைத்து, கூண்டு துடைக்கும் வேலையை அவர் பக்கமே விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மற்ற பாதி, வயலில் விடுவது. பிள்ளையாரை நினைத்து அவர் இரக்கத்தோடுதான் சொல்கிறார். (பிள்ளையார் வாகனத்தை நாம் மூஞ்சூறு என்கிறோம். நிஜ மூஞ்சூறு எலி இனமே அல்ல, பூச்சி தின்னும் வேறு பிராணி. அவரிடம் இதைச் சொல்ல வேண்டாம்.) ஆனால் இந்த வெள்ளை எலிகள் நூறு வருடத்துக்கும் மேலாக ஆய்வுக்கூடத்திலும் கூண்டிலும் பிறந்து வளர்ந்த பரம்பரை. வளை தோண்டிப் பழக்கமில்லை, பருந்து நிழல் விழுந்தால் ஓட வேண்டும் என்று கற்றுக்கொண்டதில்லை. பச்சை வயலில் வெள்ளை நிறத்தோடு, சினை வயிற்றோடு அது ஒரு பகல் தாங்கினால் அதிகம். சட்டமும் இதைக் குற்றம் என்றே சொல்கிறது. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11ஆவது பிரிவு, பசியாலோ தாகத்தாலோ வாடக்கூடிய நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவதைத் தண்டனைக்குரியதாக வைத்திருக்கிறது. எலிக்கு அதில் விலக்கு இல்லை.

வளர்ப்பதற்குச் சட்டத் தடை கிடையாது. பச்சைக்கிளி வளர்த்தால்தான் வனத்துறை வரும், வெள்ளை எலிக்கு வராது. வீட்டுக்காரர் விஷயம் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. எடுத்துப் படித்துவிட்டு நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டார் சொல்லி அவருக்குத் தெரிய வருவதைவிட அது நல்லது.

குட்டிகளை என்ன செய்வது? வாங்கிய கடையிலேயே கொடுத்தால் பெரும்பாலும் வேறு ஏதாவது பிராணிக்குத் தீனியாகத்தான் போகும். அது உங்களுக்குச் சம்மதமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், மகனிடம் மறைக்காமல். தெரிந்தவர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் ஒரே பாலில் இரண்டிரண்டாகக் கொடுங்கள். எத்தனை பேர் வாங்குவார்கள் என்று குட்டி பிறப்பதற்கு முன்பே கேட்டு வையுங்கள். பிறந்ததும் எல்லோரும் ‘அய்யோ, எலியா’ என்பார்கள்.

உங்கள் மகன் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறான்: “கூப்பிட்டால் எலி வருமா டாக்டர்?” வரும். இன்று தனியாகப் பிரிக்கப்போகும் ஆண் எலியிடம், தும்மல் அடங்கிய பிறகு ஆரம்பிக்கட்டும். சாயங்காலம், கையில் ஒரு பொட்டுக்கடலை, எப்போதும் ஒரே பெயர், ஒரே குரல். ஒரு வாரத்தில் கூண்டு வாசலுக்கு வந்து நிற்கும். பிறகு முதுகில் விரலால் மெல்லக் கிச்சுக்கிச்சு மூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஜாக் பாங்க்செப் என்ற நரம்பியல் ஆராய்ச்சியாளர் அப்படிச் செய்தபோது எலிகள் 50 கிலோஹெர்ட்ஸில் கீச்சிட்டதையும், விரலைத் தேடித் தேடி வந்ததையும் பதிவு செய்து, அதைச் சிரிப்பு என்றே எழுதினார். நம் காது 20க்கு மேல் கேட்காது. அதனால் சத்தம் வரவில்லையே என்று அவன் ஏமாற வேண்டாம், விரலைத் துரத்திக்கொண்டு வருகிறதா என்று பார்க்கட்டும். பெண் எலியிடம் மட்டும், குட்டிகள் கண் திறக்கும்வரை இந்த விளையாட்டு வேண்டாம்.